பாதித் தொட்டி

வாளி நிரம்பி வழிந்தால் எனக்குப் பொறுக்காது ஐயா. எங்கே இருந்தாலும் ஓடிவந்து குழாயை மூடிவிடுவேன். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

என் பிழைப்பும் தண்ணீர்தான். கணினியில் ஆடும் நீர்மூழ்கி விளையாட்டில், கப்பல் எவ்வளவு மிதக்கும், எதுவரை அமிழும் என்று கணக்கு எழுதுகிறவன் நான். நிஜக் கப்பல் முழுசாக மேலே வர, அமிழ்வதற்காகத் தொட்டியில் நிரப்பிய தண்ணீரெல்லாம் வெளியேற வேண்டும். ஆடுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை ஏது? "எருமை மாதிரி தண்ணிக்குள்ளயே கெடக்கு" என்று கரித்துக் கொட்டினார்கள். முதலாளி, "சீக்கிரம் தூக்கி விடுப்பா" என்றார். தொட்டி பாதி காலியானாலே கப்பல் மேலே வந்துவிடும்படி மாற்றினேன். விளையாட்டுதானே.

பிறகு ஒருவர், சுற்றுலாப் பயணிகளுக்குக் கடலடியைக் காட்டச் சின்ன நீர்மூழ்கி ஒன்று வாங்கினார். ஓட்டுநர் பழக எங்கள் விளையாட்டைக் கேட்டார். "அசல் தண்ணியேதான் சார்" என்று முதலாளி அடித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் வேலைக்கு என் தங்கை புருஷனைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மாப்பிள்ளை என் வீட்டில் உட்கார்ந்துதான் பழகினார். அதுவரை என்னைப் பொம்மைக் கப்பல்காரர் என்று கிண்டல் செய்தவர். "தொட்டி பாதி காலியானதும் கப்பலோட மேல்மூடியைத் திறந்துட்டேன் மச்சான். ஒரு சொட்டு உள்ள வரல. கில்லாடிதான் நீங்க!" என்றார். நிஜத்தில் அப்படித் திறக்காதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "சாப்பிடலாமா மாப்ளே?" என்று கேட்டேன்.

வெள்ளோட்டத்தன்று கப்பலில் அவர் மட்டும். நான் கரையில் முதலாளிக்கும் கப்பலை வாங்கியவருக்கும் நடுவே, கையில் வாக்கி டாக்கியோடு. கப்பல் மேலே வந்தது. முழுக்க மிதந்தால் அதன் பக்கவாட்டிலுள்ள மஞ்சள் பட்டை தெரிய வேண்டும். தெரியவில்லை. மூடி தண்ணீருக்கு ஒரு சாண்தான் மேலே இருந்தது. ஒரு வார்த்தை போதும். சொன்னால் அசல் தண்ணீர் என்றது பொய்யென்று ஆகிவிடும். கடலும் அமைதியாகத்தான் இருந்தது, அதையும் நீங்கள் பார்க்க வேண்டும். அவர் மூடியைத் திறந்து, தலையை நீட்டி, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

ஒரு மீன்பிடிப் படகு கடந்து போனது. அது கிளப்பிய அலை மெதுவாகத்தான் வந்தது. வருவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். திறந்த மூடி வழியே தண்ணீர் அவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியது. கப்பல் திரும்பி வரவில்லை.

மறுநாளே கணக்கைத் திருத்திவிட்டேன். இப்போது பாதித் தொட்டியோடு திறந்தால் விளையாட்டிலும் மூழ்கும். தத்ரூபமாக இருக்கிறது என்று பாராட்டி எழுதுகிறார்கள்.

தங்கை ஒன்றுதான் கேட்டாள்: "உனக்குத் தெரியும்ல? ஏண்ணா ஒரு குரல் குடுக்கல?" அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த ஒரு நாள் என் கணக்குப்படி நடந்திருந்தால் தண்ணீருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? அதன்மேல்தான் எனக்குக் கோபம், ஐயா.