தப்பு மெஷின் மேலதான்

இல்ல தம்பி, நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன். நீ என்ன கேக்கப் போறன்னு எனக்குத் தெரியும். கொரல தாழ்த்தி, மூக்க சொறிஞ்சிக்கினு, "ஏம்மா... துணியத் தவர வேற ஏதாச்சும் உள்ள போட்டீங்களா?" அதான? பாத்தியா, சிரிக்கற. போன வாரம் வந்த மெக்கானிக்கும் இதே ராகத்துலதான் கேட்டான். ஒடனே நான் முந்தானையால மூஞ்சத் தொடச்சிக்கினு "ஆமாப்பா, தெரியாம..."ன்னு இழுக்கணும். அதுக்குத்தான ரெண்டு பேரும் காத்துக்கினு இருக்கீங்க. அது நடக்காது. ஒக்காரு. அந்த முக்காலிய இழுத்துப் போட்டுக்க. அது வேணாம், ஆடும்.

தப்பு மெஷின் மேலதான். அத மட்டும் மனசுல வெச்சிக்கினு கழட்டு.

நான் பொருளப் பாத்துக்கற மாதிரி இந்த லாஸ்பேட்டையில ஒருத்தி பாத்துக்க மாட்டா. மிக்ஸி ஜாருல பிளேடு இருக்குதில்ல, அதுக்கு அடியில பழைய பல்லு பிரஷ் உட்டுத் தேய்ப்பேன். ஃபிரிட்ஜ் கதவு ரப்பர மடிப்பு மடிப்பா விரிச்சி சோடா மாவுத் தண்ணியில தொடைப்பேன். ஃபேன் மட்டும் எங்க வூட்டுக்காரரு. எனக்கு எட்டாது. அவரு தொடச்சா மூணுல ஒரு றெக்க மட்டும் பளபளன்னு இருக்கும். கேட்டா, "மீதி நாளைக்கி." கல்யாணம் ஆனதுலேந்து அந்த நாளைக்கி வரல.

இந்த மெஷினுக்கும் நான் கொறை வெக்கல. கதவுக்குள்ள வட்டமா ரப்பர் இருக்குதே, அதுல தண்ணி நிக்க உட மாட்டேன். தொவச்சி முடிச்சா கதவத் தொறந்தே போடுவேன், காத்தாடட்டும்னு. சோப்பு போடற டப்பாவ உருவி, கழுவி, வெயில்ல வெப்பேன். கீழ ஃபில்டரு... அத நீயே தொற. எனக்கு முட்டி மடங்காது.

அப்புறம் ஏன் நாறுதுன்னு கேளு. நீ கேக்க மாட்ட, நானே சொல்றேன்.

என் மருமவ சத்யப்பிரியா. நல்ல பொண்ணு. பாகூரு பக்கம், நெலம் வெச்சிருக்கறவங்க வூடு. அவ ஒரு நாளு எம்புள்ள சட்டைய மோந்து பாத்தா. கத்தக்கூட இல்ல தம்பி. கத்தினாலாவது நானும் கத்தலாம். இப்டி ரெண்டு வெரல்ல தூக்கிப் புடிச்சிக்கினு, மூக்காலயே, "அத்த... மீன் வாசன வருதுங்க." அந்த "ங்க" இருக்குது பாரு, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

நான் வீராம்பட்டினத்துக்காரி. எங்கப்பா கட்டுமரம், எங்கம்மா பெரிய மார்க்கெட்டுல மீன் கூட வெச்சி வித்தவ. அதனால இந்த வூட்ல எது நாறினாலும் என் வழியா வந்ததுன்னு நெனப்பு. குழாத் தண்ணி நாறினா நானு. சாக்கட நாறினா நானு. எங்க ஊருத் தேருக்கு வந்து கூழு ரெண்டு சொம்பு குடிச்சாளே, அப்ப நாறலயா?

எதிர் வூட்ல ஒரு சொல்தா இருக்காரு, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு. அவரும் இதே மெஷின்தான். அவரு துணியில ரோஜாப்பூ வாசம் வருதாம், மருமவ சொல்றா. ஏன் வராது? அந்த மனுஷனுக்கு சட்டையே ரெண்டு. சாப்பாட்டுக்கு முன்னாடி அரமணி நேரம் கைய கழுவுவாரு, எதையும் துண்டு துண்டா வெட்டி முள்ளுக் கரண்டியால சாப்புடுவாரு. அப்டி வாழ்ந்தா என் மெஷினும் மணக்கும்.

எங்க உட்டேன்... ஆங், சட்ட. எம்புள்ள செல்வகுமாரு அதப் போட்டுக்கினு ஆபீசு போனான். பக்கத்து சீட்டு ஆளு நாற்காலிய நவுத்திக்கினாராம். அப்புறம் எழுந்து ஜன்னலத் தொறந்தாராம். ஏசி ரூம்ல ஒருத்தன் ஜன்னலத் தொறந்தான்னா அது சாதாரண விஷயம் இல்ல தம்பி.

இப்ப ரெண்டு பேரும் முதலியார்பேட்டையில தனியா வூடு பாத்துட்டாங்க. இன்னிக்கி சாயங்காலம் சாவி வாங்கப் போறாங்க. கொஞ்ச நாளைக்கித்தாம்மாங்கறான். அவன் அப்பனுக்குப் பொறந்தவன்தான, அவன் சொல்ற நாளு எனக்குத் தெரியாதா. ஒத்தப் புள்ள. அவனும் போயிட்டா இந்த வூட்ல நானு, அந்த ஃபேனு, அதத் தொடைக்கறவரு.

அதான் ஒன்ன கூப்ட்டேன். பொய் எதுவும் சொல்ல வேணாம். மோட்டார்ல கோளாறு, அதான் வாசனன்னு ஒரு வார்த்த சொல்லு. இல்லாட்டி லிக்விட் ஜாஸ்தின்னு சொல்லு. லிக்விட் ஊத்தறது அவதான். மூடி அளவு ஊத்துன்னா, மனசு அளவு ஊத்துவா. அவ தப்புன்னு சொல்லாத, லிக்விட் தப்புன்னு சொல்லு. நான் பெருந்தன்மையா உட்டுடறேன்.

என்னா அது ஃபில்டர்ல? பளபளன்னு... சமிக்கி தம்பி. மருமவ புடவ சமிக்கி. செதிலா? வீராம்பட்டினத்துக்காரிக்கு செதில் எதுன்னு நீ காட்டற. அந்த இன்னொன்னா? அது பட்டன். கருப்பா குட்டியா, ஜாக்கெட் பட்டன். முழிக்குதா? பட்டன் எங்கியாவது முழிக்குமா, வெளிச்சம் பட்டு அப்டித் தெரியுது. இங்க குடு, தூக்கிப் போட்டுடறேன். நீ மோட்டாரப் பாரு.

செல்வா... சத்யா... மூட்ட அப்புறம் கட்டலாம், இங்க வாங்க. மெக்கானிக் தம்பி பாத்துட்டாரு. சொல்லு தம்பி. ஏன் என் மூஞ்சயே பாக்கற, அவங்களப் பாத்து சொல்லு. ஸ்பேனர அப்புறம் பையில போடலாம். இரு, எங்க எழுந்திருக்கற?

வா தீபலட்சுமி, நல்ல நேரத்துல வந்த. கீழ் வூட்டுப் பொண்ணு தம்பி. பொய் பேசத் தெரியாது. நீயே சொல்லும்மா, இந்த மெஷின நான் எப்டி வெச்சிருக்கேன்னு. இவங்க ரெண்டு பேரு காதுலயும் உழற மாதிரி சொல்லு.

"அத ஏங்க்கா கேக்கறீங்க, எங்க அம்மா வூட்லயெல்லாம் அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். நெத்திலி கருவாட்ட தலகாணி ஒறையில கட்டி மெஷின்ல போட்டு, சோப்பு இல்லாம ரெண்டு தண்ணி சுத்த உட்டா மண்ணே இருக்காதுன்னு நீங்க சொல்லித்தான எனக்குத் தெரியும். நீங்க குடுத்தத வறுத்தேன், பல்லுல ஒன்னும் கடிபடல. எங்க வூட்லதான் மெஷின் இல்லியே, இந்தாங்க, எங்களதையும் இதுலயே ஒரு சுத்து உட்டுக் குடுங்க."