தண்ணி வழுக்காது

இல்ல சேர், கதிரைய இழுக்க வேணாம். நின்னே பேசுங்க. கேக் பெட்டியையும் வேனுக்கே கொண்டுபோங்க. எம் பொஞ்சாதி கிறேஸ் செத்து ஆறு வருஷமாச்சு, இந்த வீட்டுல இனிப்புத் திங்க ஆளில்ல.

வாசிச்சேன். நீங்க நீட்டுன கடதாசியக் கண்ணாடி போட்டே வாசிச்சேன். ஆய்வுகூட உதவியாளர் லியோன் என்பவர் அழுத்தத்தைத் தவறாக வைத்ததால்னு ஆரம்பிக்குது. அழகான தமிழ். லோயரா எழுதுனாரு?

ஆமா, நான் படிச்சது எட்டாம் வகுப்புத்தான். சத்தமாச் சொல்லுங்க, பக்கத்து வீட்டு றலியாவுக்கும் கேக்கட்டும். ஆனா முப்பத்தொரு வருஷம் அந்த லேப்ல கல்லு அறுத்தவன் நான்.

தெல்தோட்டைத் தோட்டத்துல சுவரு கட்டுறதுக்குச் சோதிக்கக் கல்லு வந்த அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேனா இல்லையா? சேர், இது இறுகுன கல்லு, நைட்ரஜன் காத்த விட்டா அந்தச் சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள ஒட்டாம வழுக்கிக்கிட்டு ஓடிரும், ப்ரெஷர் கொறையக் கொறைய வழுக்கல் கூடும். தண்ணி வழுக்காது, ஒட்டி ஒட்டித்தான் நகரும். ஒரு ப்ரெஷர நம்பாதீங்க, நாலு ப்ரெஷர்ல அளந்து கோடு கீறிப் பாருங்கன்னு சொன்னேன். என்ன செஞ்சீங்க? லியோன் வாழப்பழத் தோல மிதிச்சிட்டாருன்னு படிக்கிற புள்ளைகளுக்கு முன்னால சிரிச்சீங்க. புத்தகத்துல அதுக்குப் பெரிய பேரு இருக்காமே. இருக்கட்டும். எனக்கு வழுக்குறதுதான் தெரியும்.

காத்துப் போன வேகத்தப் பார்த்து, தண்ணியும் அப்படியே கல்லுக்குள்ள எறங்கிரும்னு எழுதிட்டீங்க. சுவத்துக்குத் தண்ணி வடியுற ஓட்டை வேணாமாம். தோட்டத்து ஆளுக குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால பத்தடிச் சுவரு, ஒரு ஓட்டையில்ல. மூணு நாள் மழை. தண்ணி எங்க போகும் சேர்? சுவரத் தள்ளிக்கிட்டு வீரம்மாவோட குசினிக்குத்தான் போச்சு. ரொட்டிக்கு மாவு பெசஞ்ச கையோட பொணமா எடுத்தாங்க அந்த மனுசிய. நான் போய்ப் பார்த்தேன். நீங்க போனீங்களா?

ம்? ஓ, உங்களுக்குப் புள்ளைக இருக்கு. எனக்கு யாருமில்ல, பென்ஷனும் வந்துருச்சு, அதனால லியோன் ஒப்பம் வச்சா ஒண்ணும் கொறஞ்சிராது. நல்ல நியாயம் சேர். கண்டியிலயே படிச்ச நியாயமா, வெளிநாட்டுல படிச்சதா?

பேனைய உள்ள வைங்க. காலைலயே விசாரணைக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஏன் மொகம் இப்படிப் போகுது? உங்க பேரு ரெண்டாவதாத்தான் இருக்கு. மொத பேரு என்னுது.

அட, நீங்க கொண்டாந்த கடதாசியில இருக்கிறது பொய்யில்ல சேர். அந்தக் கல்ல அளந்த வாரம் நைட்ரஜன் சிலிண்டர் முடியுற நேரம், புதுசு வந்து சேரல. இருக்கிறத இழுத்துப் பிடிப்போம்னு ரெகுலேட்டரத் திருகி ப்ரெஷரக் கொறச்சது இந்தக் கைதான். கேஸ் வந்ததும் மத்த மூணு ப்ரெஷர்லயும் நானே அளந்து காட்டலாம்னு நெனச்சேன். புதன்கிழமை கேஸ் வந்துச்சு. செவ்வாய்க்கிழமையே நீங்க ரிப்போர்ட்ட அனுப்பியிருந்தீங்க.

அதுக்குப் பொறகும் சுவரு எழும்ப எட்டு மாசம் இருந்துச்சு. நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல.

திரும்பவும் சிரிப்பீங்கன்னு.