ஈசானியத்துக்குப் போகாத தண்ணீர்

வேங்கிக்காலில் டவுன் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டிலிருந்த அம்மாள், பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற மேஸ்திரியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“மழை வந்தா என் வீட்டுல கட்டில்தான் முதல்ல எழுந்து ஓடுது மேஸ்திரி. நாலு தடவ இடம் மாத்திட்டேன்.”

“நான் என்னம்மா பண்றது? மொட்டமாடித் தண்ணி போற வாய்க்கா வெளிய தெரியக் கூடாதுன்னீங்க. கைப்பிடிச் சுவத்துக்குள்ளயே மறைச்சுக் கட்டிக் குடுத்தேன்.”

“மறைச்சதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தண்ணி ஏன் வெளிய போவல? மேல குளம், கீழ அருவின்னு இருக்குது.”

“தண்ணி ஓடற வாட்டம் ஒரு மூலைக்கு இருக்குது. ஓட்டை எதிர் மூலையில இருக்குது.”

“அங்க ஏன் போட்டீங்க?”

“உங்க வீட்டு சாருதான்மா. காங்கிரீட் போட்டு முடிச்சப்புறம் வந்து, தண்ணி ஈசானிய மூலையிலதான் வெளிய போவணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.”

“அவரு உங்ககிட்ட சொன்னாரு. தண்ணிகிட்ட யாரு சொன்னது?”

மேஸ்திரி குனிந்து ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். பஸ் ஒரு நிறுத்தம் நின்று கிளம்பியது.

“வாட்டம் இருக்கற மூலையிலயே ஒரு ஓட்டை போட்டு பைப்பு எறக்கிட்டா சரியாப் பூடும். சாரு ஒத்துக்கணுமே.”

“நாளைக்குக் காலையில அவரு கிரிவலம் போறாரு. வர்றதுக்குள்ள போட்டுடுங்க.”

“பைப்பு அவரு கண்ணுல படுமேம்மா.”

“மறைச்சுக் கட்டறதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே.”