பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

…பாத்தியளா, திரும்பிப் பாத்தா. பாத்துட்டு உடனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. வண்டி இன்னும் சிவாஜி நகரு தாண்டல, அதுக்குள்ள ஒரு முறைப்பு. நல்லா இருக்கட்டும். நீங்க எதுக்கும்மா நின்னுக்கிட்டே இருக்கிய, உக்காருங்க. இந்த சீட்டுக்காரரு வரல, வந்தா பாத்துக்கிடலாம். தமிழ்தான? பையப் பாத்தாலே தெரியுதே, பாளையங்கோட்டை ஜவுளிக்கடைப் பை. நம்ம ஆளுக டெல்லிக்குப் போனாலும் அந்தப் பையோடதான் போவோம். என்ன… ஏதோ சொல்ல வாரிய? இருங்க, மொதல்ல இதச் சொல்லி முடிச்சிருதேன், இல்லாட்டி மறந்துரும்.

அந்தா, ஆறு வரிச முன்னால, பச்சைச் சேல, தலையில துணி கட்டி உக்காந்திருக்கால்லா, அவதான் பாக்கியவதி. பதினேழு வருசமா எனக்கு சிநேகிதி. நாப்பது நாளா எனக்கு யாரோ. பக்கத்து சீட்டப் பாருங்க, காலியா கெடக்கு. அதுல தன் பையத் தூக்கி வச்சிருக்கா, ஒருத்தரும் உக்காந்துரக் கூடாதாம். மகாராணி ஊர்வலம் போறாவ. டிக்கெட்டு எடுத்தவன் நின்னுக்கிட்டு வாரான், மகாராணி பை உக்காந்துக்கிட்டு வருது.

தலையில எதுக்குத் துணின்னு கேக்காதிய. நான் சொல்ல மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

நான் ஏன் பம்பாய் போறேன்னா? எனக்கு பம்பாய்ல என்ன வேல, ஒரு வேலயும் கெடயாது. இந்த நாப்பது நாள்ல இது ஆறாவது திங்கக்கிழம. அவ ஏறுத வண்டியில ஏறுவேன். அவ எறங்குனா எறங்குவேன். அவ ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்தா, நான் எதுத்தாப்புல பல்லு வைத்தியரு பெஞ்சுல உக்காந்துக்கிடுவேன். அங்க இருக்க நர்ஸம்மா எம்மேல எரக்கப்பட்டு, போன வாரம் ஒரு நல்ல பல்லப் பிடுங்கப் பாத்தா. சாயந்தர வண்டியில அவ முன்னால, நான் பின்னால. பள்ளிக்கூடத்துல திங்கக்கிழம லீவு கேட்டுக் கேட்டு, எங்க ஹெட்மிஸ்ட்ரஸு எனக்கு என்னமோ பெரிய சீக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. எங்க வீட்டுக்காரரு ஐசக்கு என்ன சொல்லுதாருன்னா, நீ சிநேகிதியா, சி.ஐ.டி.யா? அவருக்கு எல்லாமே வேடிக்க.

போன மாசம் ஒரு டப்பாவுல இடியாப்பம் வச்சு, பக்கத்துல இருந்த மராத்திக்காரரு ஒருத்தருகிட்ட, அந்த அம்மாகிட்ட குடுங்கன்னு கொடுத்து விட்டேன். பாக்கியம் வேண்டாம்னு தலையாட்டுனா. சரி, திருப்பிக் கொண்டாரணும்லா? அந்த மனுசன் அங்கனயே உக்காந்து தின்னுட்டாரு. தேங்காப்பால வேற கேட்டாரு.

என்ன… ஆமா, எறங்க இன்னும் நேரம் இருக்கு. இருங்க.

நாங்க ரெண்டு பேரும் சனிக்கிழமக்காரிய. பூனாவுக்கு வந்த புதுசுல எனக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. இவளுக்கும் தெரியாது, ஆனா தெரியாதுன்னு இவளுக்குத் தெரியாது. மீன் மார்க்கெட்டுல போயி, ஏ மாவ்ஷி, பாத்துப் போடு, ஒரு சாள கூடப் போட்டா கொறஞ்சா போவேன்னு முழுசாத் தமிழ்லதான் சண்ட போடுவா. அந்த மீன்காரி மராத்தியில ஏசுவா. கடைசியில ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு, கூட ரெண்டு மீன் விழும். பெறவு மீன் பையோட ஈரானி ஓட்டல்ல போயி உக்காருவோம். வெண்ண தடவுன பன் மஸ்கா, ஆளுக்கு ஒரு டீ. அந்த டீயில இவ பன்ன முக்கி முக்கித் தின்னுக்கிட்டு, ஞாயித்துக்கிழம கோயில்ல யாரு எந்த சேலையில வந்தா, எந்தப் பாட்டுல யாரு சுருதி விட்டா, எல்லாம் ஓடும். வீட்டுல என்ன சொல்லிருப்போம் தெரியுமா? பெண்கள் சங்கக் கூட்டம். பதினேழு வருசமா சனிக்கிழம தவறாம சங்கக் கூட்டம் நடக்க ஒரே சபை எங்க சபைதான். இங்கிலீசு படத்துக்குக்கூட சங்கத்துலேருந்துதான் போவோம்.

ஊரவிட்டு இவ்வளவு தூரம் வந்து கெடக்கோம், நமக்குன்னு வேற என்ன இருக்கு சொல்லுங்க.

அப்படி இருக்கையில ஏப்ரல் மாசம் ஒரு சனிக்கிழம, பன்ன டீயில முக்கிக்கிட்டே சொல்லுதா. ஏட்டி, எனக்கு மாருல ஒரு கட்டி இருக்கு, நல்லதில்லன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு. உப்பு கொறஞ்சிருக்குன்னு சொல்லுத மாதிரி… ஐயோ, சொல்லிட்டேனோ? சரி, நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொன்னா ஒண்ணும் ஆயிராது. மே மாசம் ஆப்பரேசன் ஆச்சு. இப்ப திங்கக்கிழம திங்கக்கிழம பம்பாய்ல ஊசி. அந்த ஊசியிலதான் முடி பூராவும் போச்சு. இடுப்பு வரைக்கும் கெடந்த முடி.

அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. சபைக்குத் தெரியக் கூடாது. எம் மாப்பிள்ளைக்குத் தெரியும், உனக்குத் தெரியும், போதும். எனக்கு எஞ் சனிக்கிழம அப்படியே வேணும்டி, யாரும் என்ன பாவம்னு பாக்கக் கூடாதுன்னா. நாங்க சத்தியம் பண்ண மாட்டோம், வேதத்துல கூடாதுன்னு இருக்கு. அதனால தலைய மட்டும் ஆட்டுனேன்.

பாருங்க, மறுபடியும் திரும்பிப் பாக்கா. நம்ம ரெண்டு பேரையும் பாக்கா. என்ன பேசுதோம்னு வயித்தெரிச்சலு. நீங்க எந்திரிக்காதிய, நீங்க எந்திரிச்சா நான் தெரிவேன்.

பெறவு என்னாச்சா? என்னத்தச் சொல்ல. சபைக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரே வாரம். வீடு நெறைய ஆளு. சபை செக்ரட்டரி அம்மா, அதான் ஜான் சாரு வீட்டுக்காரி, வாசல்லேயே அழுதுக்கிட்டு உள்ள வந்தாவளாம். பதினோரு வீட்டுலேருந்து ஆட்டுக்கால் சூப்பு. பூனாவுல அந்த வாரம் ஆடு எல்லாம் நொண்டிக்கிட்டுத்தான் நடந்திருக்கும். ஆபிரகாம் வாத்தியாரு கட்டில் பக்கத்துல நின்னு பாட்டுப் பாடுனாரு, என்ன பாட்டு? கல்லறத் தோட்டத்துல மண்ணு போடையில பாடுத பாட்டு. பாக்கியம் கண்ண மூடிக்கிட்டு கேட்டாளாம், ஸார், சரணம் எத்தனன்னு. ஈரானி ஓட்டலுக்குப் போனாக்கூட எவளாவது ஒருத்தி வந்து, எந்திரிச்சு நடமாடுதியா தாயேன்னு கையப் பிடிச்சுக்கிடுதா. சனிக்கிழம போச்சு. அவ கேட்ட ஒண்ணே ஒண்ணும் போச்சு.

யாரு சொன்னதா? சபையின்னா நாலு பேரு இருப்பாவ… லோணாவ்லா வந்துட்டு போல, சிக்கி விக்கான் பாருங்க, இந்த ஊரு கடல மிட்டாயி. வேணுமா? வேண்டாம், பல்லுல ஒட்டும். இந்த மழையில காட் செக்சன் மலையில அருவியா ஊத்தும், நல்லாப் பாத்துக்கிடுங்க.

சரி. நான்தான் சொன்னேன். அப்படிப் பாக்காதிய. நான் சொல்லல, ஜெபக் குறிப்பு குடுத்தேன். ரெண்டும் ஒண்ணா?

ஜூலை மாசம் அமெரிக்காக்காரன் ஆகாசத்துல விட்ட அந்த ஸ்கைலாப்பு விழப் போவுதுன்னு ஊரே கெடந்து அடிச்சுக்கிட்டுதே, நினைவிருக்கா? எங்க சபையில அன்னைக்கு விசேஷ ஜெபக் கூட்டம். அது பூனா தலையில விழாம கடல்ல விழணும்னு ஒரு ஜெபம். வேற ஜெபக் குறிப்பு உண்டான்னு பாதிரி ஐயரு கேட்டாவ. வாய் சும்மா இருக்குமா, எந்திரிச்சுட்டேன். ஒரு சகோதரி, பேரு வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்னுதான் ஆரம்பிச்சேன். பெறவு, மொட்டையாச் சொன்னா ஜெபத்துல உருக்கம் இருக்காதுல்லான்னு, கொடிய வியாதின்னேன். ரெண்டு பிள்ளைகன்னேன். மாப்பிள்ளைக்கு கிர்க்கி பாக்டரியில வேலன்னேன். கிறிஸ்மஸுக்கு சபைக்கே முந்திரிக்கொத்து சுடுவாளேன்னேன். பாட்டுக் குழுவுல ரெண்டாவது வரிச ஓரத்துல நிப்பாளேன்னும் சொல்லிட்டேன். ஆனா பேரு? பேரு சொல்லவே இல்ல. இத்தன வருசத்துல அவ்வளவு ரகசியமா ஒரு ஜெபக் குறிப்பு எங்க சபையில யாரும் குடுத்ததில்ல. ஸ்கைலாப்பு கடல்ல விழுந்துட்டு. நான் விழுந்தது நேரா பாக்கியம் தலையில.

அவளுக்காகத்தான் சொன்னேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். உங்ககிட்ட எதுக்குப் பொய். எனக்காகத்தான் சொன்னேன். அவ எதுத்தாப்புல உக்காந்து சிரிச்சுக்கிட்டே பன் திம்பா, நானும் சிரிக்கணும். எம் பன்னயும் அவ தட்டுப் பக்கம் தள்ளி விட்டுருவேன். முழங்கால் போட்டா ஜெபம் வராது, ஆண்டவரே, பாக்கியத்தன்னு சொல்லுவேன், அதுக்கு மேல வாயில வராது. சரி, என்னாலதான் முடியல, நாலு பேராவது கேக்கட்டும்னு… அவளுக்கு வந்த சீக்க என்னால தாங்க முடியலம்மா. அதான் உள்ளது.

அன்னைலேருந்து பேசல. மன்னிப்பு கேட்டு எழுதிக்கூட போட்டேன். பன்னெண்டு பக்கம். பதில் இல்ல. பன்னெண்டு பக்கம் படிக்கவே ஒரு மாசம் ஆவும்னு ஐசக்கு சொல்லுதாரு.

இன்னைக்கு அவளுக்கு ஊசி கெடயாது. இன்னைக்கு எக்ஸ்ரே போட்டோ பாத்து டாக்டரு சொல்லப் போறாவ, சீக்கு அதோட நின்னுட்டா, வேற எங்கயும் பரவிட்டான்னு. அவ மாப்பிள்ள இன்பநாதனுக்கு லீவு கெடைக்கல, தனியாத்தான் போறா. அந்த ரூம்புக்குள்ள தனியா. நான் வெளிய பல்லு வைத்தியரு பெஞ்சுல உக்காந்து என்ன செய்ய? கதவுல காத வைக்க முடியுமா?

கர்ஜத்து தாண்டியாச்சு, கல்யாணும் போச்சு. பேச்சுத் தொணைக்கு நீங்க இருந்தியளோ, நேரம் போனதே தெரியல. நீங்க பம்பாய்ல எங்க எறங்கணும், தாதரா? யாரு வீட்டுக்கு… என்ன? எம் பேரு உங்களுக்கு எப்படி… ஆமா, பெட்டிதான்.

யாரு? இன்பநாதன் தம்பி பெஞ்சாதியா? முந்தாநாளா ஊருலேருந்து வந்திய? அப்ப அவ தனியா… அந்த சீட்டு உங்க சீட்டா?

அவதான் அனுப்பிச்சாளா? பூனாவுலயேவா?

எதுக்கு… நான் ஆறு வாரமா வாரது அவளுக்குத் தெரியுமா? மொத வாரமேவா? பல்லு வைத்தியருமா?

சீட்டு மாறிக்கிடச் சொன்னாளா. நீங்க இங்க, நான் அங்க. அதச் சொல்லத்தான் வந்து நின்னியளா? அந்தப் பை எனக்கு எடம் பிடிச்சு வச்ச பையா? ஏம்மா, மூணு மணி நேரமா… இத ஒரு வார்த்த… ஆமா. ஆமா, நான்தான். இருங்க இருங்கன்னு நான்தான் சொன்னேன். நான் வர மாட்டேன்னுட்டேன்னு நினைச்சிருப்பாளே. ரெண்டு தடவ திரும்பிப் பாத்தாளே பாவி.

தள்ளுங்க, கொஞ்சம் காலை மடக்குங்க. வெளிய பாருங்க, தாதருக்கு இன்னும் எவ்வளவு தூரம்? பத்து நிமிசமா? பத்து நிமிசம் இருக்கா?

வேற ஏதும் சொன்னாளா? அழப்புடாதுன்னு சொல்லிருப்பா. அழ மாட்டேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிருப்பா, அதுவும் சரிதான், தொறக்க மாட்டேன்…

என்ன?

பேசச் சொன்னாளா? என்னையா?

டாக்டரு ரூம்பு கதவு வரைக்கும் நிப்பாட்டாமப் பேசிக்கிட்டே வரணும்னா? அவளுக்குப் பயமா இருக்குன்னா சொன்னா? பாக்கியமா?

…இருங்கம்மா. ஒரு நிமிசம். என் கையக் கொஞ்சம் பிடிங்க.

என்னத்தப் பேசன்னு தெரியலியே.