எடை குறைந்த உருண்டைகள்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, உலோகவியல் துறை நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் ஆய்வகத்தின் முதுநிலை ஆய்வாளர், நாமெல்லாம் ‘அரைமணி’ என்றழைத்த அண்ணன், நம்மை விட்டுப் போய்விட்டார். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் யார்? நான்தான். அன்பினாலா? இல்லை, பொறாமையால். இங்கே நிற்கக்கூட இடமில்லை. என் இரங்கல் கூட்டத்துக்கு இதில் பாதிப் பேர் வரமாட்டீர்கள். இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

உலோகப் பொடியையும் எஃகு உருண்டைகளையும் குடுவையில் அடைத்துச் சுழற்றுவது எங்கள் வேலை. உருண்டைகள் மோத மோதப் பொடி நசுங்கும், ஒட்டும், மறுபடி உடையும். உள்ளிருக்கும் படிகங்கள் மிக நுண்மையாகும். எளிதில் சேராத உலோகங்களும் சேரும். சூடேறினால் சிறுத்த படிகம் மீண்டும் வளர்ந்துவிடும். ஆகவே அண்ணன் அரைமணிக்கொருமுறை நிறுத்தி ஆறவிடுவார். நான் நிறுத்தமாட்டேன். என் பொடி குடுவைச் சுவரில் அப்பிக்கொள்ளும். அவருடையது மாவாக உதிரும். வயிறு எரியாதா?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் துறைத்தலைவர் பதவி காலியானது. அண்ணனுக்குத்தான் என்றார்கள் எல்லாரும். நான் மூன்று நாள் குடுவையை விடாமல் ஓட்டி, என் அலுமினியக் கலவையில் புதியதொரு படிக அமைப்பு உருவானதாக அறிவித்தேன். பதவி எனக்கு வந்தது. அண்ணன் மட்டும் நடைவழியில் நிறுத்திக் கேட்டார்: “தம்பி, உருண்டைய எடை போட்டுப் பாத்தியா?”

“உங்களுக்கு வயித்தெரிச்சல்ணே” என்றேன்.

சென்ற வாரம் அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்தேன். ஒரு பொட்டலம், உள்ளே அன்று நான் ஓட்டிய உருண்டைகள். மேலே அவர் கையெழுத்தில் இரண்டு எடைகள்: எனக்கு எடுத்துக் கொடுத்தபோது, நான் திருப்பித் தந்தபோது. குறைந்த எடை எங்கே போனது? என் பொடிக்குள். நான் கண்ட புதுமை, உருண்டையிலிருந்து தேய்ந்த இரும்பு அலுமினியத்தோடு சேர்ந்தது, அவ்வளவுதான்.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அண்ணியிடம் கேட்டேன். “அவனே ஒருநாள் எடை போடுவான்னு சொல்லிட்டே இருப்பாருப்பா” என்றார்.

வாயை மூடியிருப்பதிலும் என்னை வென்றுவிட்டாரே!

அந்தப் பொட்டலத்தை இதோ இயக்குநர் முன் வைக்கிறேன். என் முடிவு தவறு என்ற கடிதமும் உடனிருக்கிறது. என் பதவி நாற்காலியை என்ன செய்வதென்று அவர் தீர்மானிக்கட்டும். அண்ணன் பாதியில் விட்ட கலவையை நாளைக் காலை நான் ஓட்டுவேன். அரைமணிக்கொருமுறை நிறுத்துவேன். முடிந்ததும் உருண்டைகளை எடை போடுவேன்.