குளிரில் வைத்துப் பார்த்த பின்பே கையெழுத்து

அளவுத்திருத்தக் கூடத்தின் தலைவராய், அவசரத்துக்கு அணையாய், அயர்ந்தவர்க்குத் துணையாய் விளங்கி இன்று பணி நிறைவு பெறும் அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உளமுருகி வாசித்தளிக்கும் மடல்

பனிக்கும் பணியாத பண்பின் உறைவிடமே! படபடப்பைப் பொறுமையால் வென்ற பெருந்தகையே! கொளுத்தும் கோடையிலும் கம்பளிச் சட்டையோடு வலம்வந்து, 'ஸ்வெட்டர் அம்மா' என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயரை முகத்துக்கு நேரே சிரித்தபடி ஏற்றுக்கொண்ட பெருமனமே! வணக்கம்.

உணரி எனும் சென்சார் ஓர் அப்பாவிப் பிறவி. எதை அளக்கச் சொன்னோமோ அதோடு சுற்றியுள்ள சூட்டையும் குளிரையும் சேர்த்தே அளந்து, எல்லாவற்றையும் ஒரே எண்ணாக நம் கையில் கொடுத்துவிடும். அதில் குளிரின் பங்கைப் பிரித்துக் கணக்கை நேர்செய்வதுதான் வெப்பநிலை ஈடு. வாலிபத்தில் அந்த வேலைக்கு வந்த தாங்கள், தலை நரைக்கும் வரை அதிலேயே தோய்ந்து கிடந்தீர்கள். வீட்டிலும் விட்டபாடில்லை போலும். "எங்களுக்குக் காய்ச்சல்னா, தெர்மாமீட்டர வாயிலேர்ந்து எடுக்கவே விடமாட்டாங்க. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்பாங்க. அதுக்குள்ள காய்ச்சலே போயிடும்" என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் மகள் சற்றுமுன் எங்களிடம் புலம்பினார். பக்கத்திலிருந்த தங்கள் கணவரும் அதை ஆமோதித்தார்.

நாம் செய்வது குளிர்பதனக் கிடங்குகளுக்கான அம்மோனியா அலாரம். குளிரூட்டும் அந்த வாயு கசிந்தால் மனிதர் மூச்சுத் திணறுமுன் அது கத்தியாக வேண்டும். குளிரில் அதன் மூக்கான வாயு உணரி மந்தமாகிவிடும். ஆகவே, எவ்வளவு குளிர் என்று பார்த்துச் சொல்ல உள்ளே இன்னொரு சிறிய உணரியை வைத்து, அதற்கேற்ப மூக்குக்கு வலுக்கூட்டுகிறோம். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்றே வெகுகாலம் மார்தட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு கிடங்குக்குத் தாங்கள் பராமரிப்புக்குச் சென்றபோது, மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் சொன்னாராம்: "இந்தப் பொட்டி கத்துறதுக்கு முன்னாடியே எங்க கண்ணு எரிஞ்சிடுது மேடம்." வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். தாங்கள் அந்தப் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே ஊர் திரும்பினீர்கள். மேசையில் சோதித்தோம், சரி. உறைகுளிரை உண்டாக்கும் சோதனை அறையான சேம்பரில் வைத்தவுடன் சோதித்தோம், அதுவும் சரி. எங்களுக்குப் பெருமை, தங்களுக்கோ திருப்தியில்லை. மின்சாரத்தை நிறுத்தாமல், ஒரு முழு நாள் அது உள்ளேயே கிடக்கட்டும் என்றீர்கள்.

மறுநாள் குட்டு வெளிப்பட்டது. நாள் முழுக்க ஓடியதில் பெட்டியின் வயிறு சூடாகியிருந்தது. குளிரைப் பார்க்க வேண்டிய உணரியோ அந்த வயிற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெளியே மூக்கு உறைந்துகொண்டிருக்க, உள்ளே அது 'குளிரே இல்லை' என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் எப்போதும் சேம்பரில் வைத்த கையோடு சோதித்து, சட்டென்று முடித்துவிடுவோம். எங்கள் சுறுசுறுப்பே எங்கள் கண்ணை மறைத்திருந்தது. அன்று தாங்கள் யாரையும் ஏசவில்லை. விற்ற பெட்டிகளையெல்லாம் திரும்ப வரவழைத்தீர்கள். முழு நாள் குளிரில் ஓடாத எதுவும் வாசலைத் தாண்டாது என்றீர்கள். அந்த ஒரு விதிக்காகத் தாங்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட வசவு கொஞ்சநஞ்சமல்ல.

சிலர் தங்கள் ஓய்வுக்காகவே காத்திருந்ததை நாங்கள் அறிவோம். "அம்மா போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தேநீர் வேளையில் விழுந்த பேச்சு தங்கள் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து தங்கள் முகத்தில் பழைய களை இல்லை. விதி தங்களோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிடுமோ என்ற அந்த அச்சத்தைக் கண்டும் காணாதவர் போல் இருந்தோம். எப்படித் தேற்றுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

புதிய மின்சுற்றுப் பலகையோடு வந்த அலாரங்களின் முதல் தொகுதி இந்த நிமிடமும் சேம்பருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. முழு நாள் முடிவது நாளைக் காலை. தங்கள் கையெழுத்துக்கு இன்று மாலையோடு மதிப்பில்லை. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டா கௌரவமா முடிச்சிடலாம்மா" என்று அனுப்புகைப் பிரிவுத் தலைவர் நேற்று கேட்டதற்கு, "இன்னும் பார்க்காததுக்கு எப்படிப்பா கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள்.

அதன் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. இன்று காலை தாங்கள் அலுவலகத்தில் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது, அதே ஒப்புதல் தாள் தங்கள் இடத்துக்கு வரும் இளம் பொறியாளரிடம் போனது. வாசலில் லாரி நின்றது. அவருக்கோ பதவி இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் தாளைத் திருப்பி நீட்டி, "நாளைக்குக் காலையில கதவத் திறந்து பார்த்துட்டுப் போடுறேன் சார்" என்றார். விவகாரம் பொது மேலாளரின் அறைக்குப் போனது. "யாருய்யா தடுக்கிறது?" என்றார் அவர். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த அறைக்குள் நெருக்கியடித்து நின்று, "நாங்கதான் சார்" என்றோம். அவர் தொலைபேசியை எடுத்து, "வண்டிய நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

அஞ்சாத அறத்தின் அம்மையே! இந்தச் சால்வையும் சட்டமிட்ட மடலும் சம்பிரதாயம். அந்த லாரி காலியாகத் திரும்பியதே எங்கள் காணிக்கை. கணவரும் மகளும் களிக்க, கால்வலி குறைந்து கண்ணொளி நிறைந்து, நெடுங்காலம் நலமாய் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்.

நாளைக் காலை சேம்பரின் கதவைத் திறக்கும் வேளையில் தாங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டும். பெட்டிகள் தேறினால் கையெழுத்திடுவோம். தவறினால் நிறுத்துவோம். இரண்டில் எதுவானாலும் தங்களைக் கேட்க மாட்டோம்.

அன்பும் நன்றியும் மாறாத,
அளவுத்திருத்தக் கூடத்துப் பணியாளர்கள் அனைவரும்