சிரட்டையில் ஒரு கங்கு

மாலை ஆறு மணி. கீரிப்பாறை தாண்டி மலைமேல் ஏறுகிற வண்டிப்பாதை. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. மாட்டின் கழுத்து மணிச் சத்தம் மட்டும்... அதுவும் ஒரு வளைவில் சட்டென்று நின்றுவிட்டது.

"மாடு ஏன் நின்னுட்டு?" என்று கேட்டாள் நேசம்மாள்.

"மேட்டுல மூச்சு வாங்குது," என்றான் தேவகுமார். சொல்லிவிட்டு அவனும் முன்னால் எட்டிப் பார்த்தான்.

மாடு எதையும் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கி மோந்துகொண்டிருந்தது. காற்றில் கிராம்பு வாசனை. அதற்கு அடியில், லேசாக... அடுப்புப் புகை. அந்த மலையில் அவர்கள் வாங்கியிருந்த பங்களாவைத் தவிர வேறு வீடே கிடையாது. அதுவோ பூட்டிக் கிடந்தது.

இந்த நேசம்மாள் என் சேக்காளி செல்வதாஸுக்குச் சித்தி. அவன் சொன்னதைத்தான் சொல்லுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த லாந்தர் அப்படியே எரியட்டும்.

காப்பியும் ரப்பரும் விலை விழுந்து, துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய காலம் அது. ஒரு துரை தன் கிராம்புத் தோட்டத்தையும் பங்களாவையும் கேட்ட விலைக்கே விட்டுவிட்டுப் போனான். தேவகுமாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேசம்மாளுக்கு மட்டும் மனசில் ஒரு முள் குத்தியது. கட்டில், நாற்காலி, சுவரில் தொங்கிய கண்ணாடி, எல்லாம் போட்டது போட்டபடி... அத்தனை அவசரம் அவனுக்கு என்ன?

அவள் பயம் தனக்காக அல்ல. இடுப்பில் இருந்தாளே, ஞானம், அவளுக்காக. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, முழங்கால் தேய ஜெபம் பண்ணிப் பெற்ற ஒரே பிள்ளை. அப்போது எட்டு மாசம். ஒரு தும்மல் வந்தாலும் நேசம்மாளுக்குத் தூக்கம் போய்விடும்.

பங்களாவின் நடு அறையில், சுவருக்குள்ளேயே ஓர் அடுப்பு கட்டியிருந்தது. துரைமார் விறகு போட்டுக் குளிர்காய்கிற அடுப்பு. ஆள் குனிந்து உள்ளே போய் நிற்கலாம், அவ்வளவு பெரிய வாய். அண்ணாந்து பார்த்தால் புகை போகிற குழாய், கும்மிருட்டு. செங்கல்லெல்லாம் கரி பிடித்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது.

"பழங்காலத்துச் சாமான். இடிச்சு அடச்சிரணும்," என்றான் தேவகுமார்.

ஆனால் பின்பக்கத்துக் குசினி கூரை விழுந்து மழையில் நனைந்து கிடந்தது. சோறு பொங்க வேறு இடம் ஏது? நேசம்மாள் மூன்று கல்லைத் தூக்கிச் சுவரடுப்புக்குள் வைத்தாள், பானையை ஏற்றினாள். அடிவாரத்திலிருந்து வந்துபோகிற காவல்காரன் கோலப்பன், விறகு கொண்டுவந்தவன், சோறு கொதிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இதுலயா பொங்குதீய அம்மா?"

"ஏன், துரை வந்து ஏசுவாரோ?"

"துரை இதுல குளிருதான் காஞ்சாரு..." என்றான். விறகைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

படுக்கப்போகுமுன் நேசம்மாள் கங்குகளைச் சாம்பலில் மூடிவைத்தாள், காலையில் ஊதிக்கொள்ளலாம் என்று. விடிந்து பார்த்தால்... சாம்பலில் ஒரு குழி. ஒரு கங்கை மட்டும் காணோம். பக்கத்தில் ஒரு சிரட்டை. அதற்குள் பச்சைக் கிராம்பு ஒரு கொத்து.

ஊரில் அடுத்த வீட்டுக்காரி சிரட்டையோடு வந்து தீ வாங்கிப் போவது நடப்பதுதான். கொண்டுபோன பாத்திரத்தை வெறுமனே திருப்பாமல் எதையாவது போட்டுக் கொடுப்பதும் நடப்பதுதான். ஆனால் இங்கே அடுத்த வீடு எது? தென்னைமரமே முளைக்காத மலையில் சிரட்டைக்கு எங்கே போவார்கள்?

'தோட்டத்தில் வேலை பார்க்கிறவள் எவளோ இருக்கிறாள். இவர் எழுந்து தீ எடுத்துக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.' நேசம்மாளுக்கு அப்படித்தான் தோன்றியது. கேட்கவில்லை. கிராம்பை அன்றைக்குக் கோழிக்குழம்பில் போட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். அவன் ருசித்துச் சாப்பிட்டான். அதுவும் பிடிக்கவில்லை.

மறுநாள் சிரட்டையில் தேனடை. அதையும் வீணாக்க மனசில்லை. ஒரு சொட்டுத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். ஞானம் சப்புக்கொட்டிச் சிரித்தது. அடுப்பைப் பார்த்துச் சிரித்தது.

அதற்கு மறுநாள்... ஒரு மரச்சீப்பு. சீப்பில் நீளமாக ஒரு தலைமுடி.

நேசம்மாள் சீப்பைக் கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் போட்டாள்.

"எவளுக்குத் தீ எடுத்துக் குடுக்கீங்க? இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

"நானா? நல்ல கதை. தீ குடுக்கது நீயாக்கும், கேள்வி எனக்கா?" தேவகுமாருக்கும் உள்ளே ஏதோ புழுங்கிக் கொண்டுதான் இருந்திருக்கிறது. "நேத்து சாயங்காலம் மசங்கின நேரத்துல நான் வெளியே கிராம்பைக் கூட்டி அள்ளிக்கிட்டிருந்தேன். 'ஏட்டி, ஒரு கங்கு தாயேன்'ன்னு உள்ள ஒரு சத்தம். நீயும் பதில் சொன்னியே. இந்தக் காதால கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'எடுத்துக்கோ'ன்னு சொன்னே."

மசங்கின நேரத்தில் நேசம்மாள் ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருந்தது... தொட்டிலில் ஞானம் மட்டும்.

கோலப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் சிரட்டையைத் தொடவில்லை.

"தீ குடுத்தது தப்பில்ல அம்மா. குளிரு எல்லாருக்கும் உள்ளதுதான். துரை காலத்துல இதுல சோறு வேகல்ல, அதனால யாரும் கேக்கல்ல. சோறு வெந்தா அது வீட்டு அடுப்பாச்சுல்லா, கேக்கத்தான் செய்வாங்க. திருப்பித் தந்தத நீங்க எடுத்தீயளா?"

"கிராம்பைக் குழம்புல போட்டேன்."

"வேற?"

அவள் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். தேனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"குடுத்து, வாங்கி... அப்போ அயல்காரி ஆயாச்சு," என்றான் கோலப்பன். "அயல்காரின்னா பிள்ளையையும் தூக்க வருவா."

"யாருலே அது?" என்று அதட்டினான் தேவகுமார்.

கோலப்பன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

"கள்ளப்பயல். நம்மள வெரட்டிட்டுக் கிராம்பை அவன் அள்ளப் பாக்கான்," என்றான் தேவகுமார். அன்றைக்கே கல்லும் செம்மண்ணும் வைத்து அடுப்பின் வாயை அடைத்து, மேலே சுண்ணாம்பும் பூசிவிட்டான். கூரையில் ஏறிக் குழாயின் மேல் ஒரு பலகைக்கல்லையும் தூக்கி வைத்தான். "இனி எவ வந்து கேக்கான்னு பாப்போம்."

விடிந்தது. சிரட்டை இல்லை. சுண்ணாம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நேசம்மாள் மூச்சு விட்டாள். தொட்டிலைத் திறந்தாள்.

ஞானத்தின் வலது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. வட்டமாக, அழகாக, கைப்பழக்கம் உள்ளவள் வைத்த பொட்டு.

அவர்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிடையாது.

"நீங்க வச்சீங்களா?"

"எனக்கென்ன கிறுக்கா?"

சேலைத் தலைப்பால் துடைத்தாள். கரி வாசனை. கூடவே கிராம்பு. தலைப்பை உதறிவிட்டுத் திரும்புவதற்குள்... மறுபடியும் அதே கன்னம், அதே இடம், அதே வட்டம். அறையில் அவளும் அவனும்தான். அவள் அவன் விரல்களைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். சுத்தம். அவன் அவள் விரல்களைப் பார்த்தான்.

அப்போதுதான் நேசம்மாளுக்கு உறைத்தது. பொட்டு எதற்கு வைப்பார்கள்? பிள்ளைமேல் யார் கண்ணும் படாமலிருக்க. கோலப்பனும் போன பிறகு, அந்த மலையில் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற கண்கள் இவர்கள் இருவருடையதும்தானே?

வெயில் இருக்கும்போதே வண்டி கட்டினார்கள். நாகர்கோவில் வரும்வரை நேசம்மாள் பிள்ளையின் கன்னத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. சுத்தமாக இருந்தது. அக்காள் ஜெயபாய் வீட்டில் கதவைத் தாழிட்டு, பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் விடியவைத்தாள். அப்போதும் சுத்தம்.

இந்த ஜெயபாய்தான் செல்வதாஸின் அம்மா. காலையில் அவள் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குளிப்பாட்ட வாங்கினாள். கன்னத்தில் எண்ணெய் வைத்தாள், வயிற்றில் வைத்தாள், காலைப் பிடித்துத் தூக்கினாள். சிரித்துவிட்டாள்.

"ஏட்டி நேசம், கன்னத்துல வச்சா சபையில ஏசுவாங்கன்னு உள்ளங்கால்ல ஒளிச்சு வச்சியா, கள்ளி?"

நேசம்மாள் குனிந்து பிள்ளையின் உள்ளங்காலைப் பார்த்தாள். ஜெயபாய் பெருவிரலால் அதைத் தொட்டு, விரலை உயர்த்திப் பார்த்தாள்.

"இப்பந்தான் வச்சியா? மை இன்னும் காயல்லியே."